மூன்றில் இரண்டு பங்கு உறவு

நார்டால், வடக்கு டகோட்டா
பிப்ரவரி 19, வியாழக்கிழமை காலை

அன்பும் மரியாதையும் உள்ள லவோன் அக்காவுக்கு, தம்பி வெர்லின் எழுதுவது.

நான் நலம். முழங்கால் நலமில்லை, அதற்குத் தனிக் கடிதம் போடுகிறேன். ரோஜர் அத்தானுக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். வானிலையைச் சொல்லாமல் நம் ஊரிலிருந்து கடிதம் வந்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பதறிப்போவாய், ஆகவே முதலில் அது: பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு, வடமேற்குக் காற்று, யாரும் இறக்கவில்லை. நீ அரிசோனாவிலிருந்து அனுப்பிய எலுமிச்சம்பழப் பெட்டி வந்து சேர்ந்தது. ஊர் முழுக்கப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஒன்று இருக்கிறது, கடைசியை எடுப்பது மரியாதையில்லை என்று அதை யாரும் எடுக்கமாட்டேன் என்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் கடிதத்தில் அம்மாவின் மோதிரத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன் அல்லவா? அனுப்ப வேண்டாம். எதற்கு என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது உன் பெருந்தன்மை. வேண்டாம் என்பதற்கான காரணத்தையாவது உனக்கு நான் சொல்லியாக வேண்டும். காரணம் மத்திய அரசு.

சிரிக்காதே. மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் முதியோருக்கு மதிய உணவு போட வாஷிங்டன் மானியம் கொடுத்தது உனக்குத் தெரியும். வாரத்தில் ஐந்து நாள், இருபத்துமூன்று பேர். சிலருக்கு அன்றைக்குச் சூடாகச் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். தனியாக இருக்கும் கிழவர் கிளாரன்ஸ் மாதிரி ஆட்களுக்கு அன்றைக்கு வாயைத் திறந்து இன்னொரு மனிதரோடு பேசுவதே அங்கேதான். சமைப்பது ஆர்டிஸ் ஃபோசம். அவள் கணவன் போய் ஒன்பது வருஷம், என் ஜாய்ஸ் போய் ஆறு வருஷம். மானியத்தோடு கூடவே இருநூற்றுப் பதினான்கு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகமும் வந்தது. அதைப் படித்து அதன்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு பொறுப்பாளர் வேண்டும், அந்த ஆள் சமையல்காரிக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. நிர்வாகக் குழு கூடியது. தலைவர் ஆர்லோ, ஆர்டிஸின் அண்ணன். செயலாளர் அவள் தங்கை. பாஸ்டர் அவள் மருமகன். மற்றவர்கள் ஒன்று அவளுக்கு மாமன் மச்சான், இல்லையென்றால் அங்கே சாப்பிடுகிறவர்கள். சாப்பிடுகிறவர் சமைக்கிறவருக்குக் கையெழுத்துப் போடுவதும் தப்பாம். ஆர்லோ மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தான்.

"வெர்லின், நீ எங்க யாருக்கும் எதுவும் ஆகல. இந்த ஊர்ல அது ஒரு பெரிய தகுதிப்பா."

நம் அப்பா மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், அதனால் வந்த தகுதி. முப்பத்தெட்டு வருஷம் தானியக் கிடங்கின் எடைமேடையில் உட்கார்ந்தவன் நான். ஒரு லாரிக் கோதுமையில் ஒரு பவுண்டு கூடவோ குறையவோ எழுதியது கிடையாது. சரி என்றேன். மூன்றாவது முறை கேட்டபோதுதான் சரி என்றேன், நம் வழக்கப்படி.

இந்த வழக்கம் உனக்கு மறந்திருக்கும். அங்கே காபி வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டதுமே நீட்டிய கையில் வாங்கிக்கொள்கிறார்களாமே. இங்கே இன்னும் அப்படி ஆகவில்லை. முதல் தடவை கேட்டால் "அய்யோ வேண்டாம்", இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்கு சிரமம்", மூன்றாம் தடவைதான் "சரி, போட்டு வச்சிருந்தீங்கன்னா". இதை ஏன் சொல்கிறேன் என்றால், விதிப் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில், யாரையும் வேலைக்கு அமர்த்தும் முன் மூன்று கொட்டேஷன் வாங்கு என்று இருந்தது. எனக்கு அது கொஞ்சமும் அந்நியமாகப் படவில்லை. வாஷிங்டனிலும் நம்மைப்போல நாகரிகம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு, நேராக ஆர்டிஸிடம் போய் மூன்று தடவை கேட்டேன், அவள் சொன்னதை மூன்று தாளில் மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதித் தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன். முதல் கொட்டேஷன்: "அய்யோ, நான் என்னத்தப் பெருசா சமைக்கறேன்." இரண்டாவது: "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம், வேற யாரையாவது பாருங்க." மூன்றாவது: "சரி... வேற ஆள் கிடைக்கலேன்னா."

மற்ற விதிகளையும் இப்படித்தான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினேன். அரசுப் பணத்தில் வாங்கிய சாமான் ஒவ்வொன்றிலும் எண் ஒட்ட வேண்டும். அடுப்பிலிருந்து கரண்டி வரைக்கும் ஒட்டினேன். அவசரத்தில் முப்பத்தோராம் எண் கிளாரன்ஸ் ஊன்றி நடக்கிற நடைச்சட்டத்தில் ஒட்டிக்கொண்டது. உரிக்கப் போனால் அவர் விடவில்லை. "இருக்கட்டும்டா. வாஷிங்டன்ல யாரோ என்னையும் எழுதி வச்சிருக்காங்கன்னு நெனச்சுக்கறேன்" என்றார். பிறகு எப்படி உரிப்பது? ஜெபமும் சாப்பாடும் வேறு வேறு இடத்தில் நடக்க வேண்டும் என்று இன்னொரு விதி. அதனால் எல்லோரும் படிக்கட்டில் நின்று ஜெபித்துவிட்டுக் கீழே இறங்குகிறார்கள். கடைசிப் படிவரை கர்த்தருடையது, அதற்குக் கீழே வாஷிங்டனுடையது. படியில் நிற்க முடியாதவர்கள் கோட்டு மாட்டும் மூலையில் நின்றுகொள்வார்கள். அந்த மூலையை நான் படிக்கட்டின் பகுதி என்று எழுத்துமூலம் அறிவித்திருக்கிறேன்.

இப்போது மோதிரம். போன அக்டோபரில் சர்ச்சில் மீன் விருந்து முடிந்து, ஆர்டிஸ் பாத்திரம் கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அடுக்களையில் நிற்கும்போது ஜாய்ஸ் போனதிலிருந்து எனக்குள் அடித்துக்கொண்டிருந்த காற்று கொஞ்சம் ஓய்ந்திருந்தது, அக்கா. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆர்டிஸ், நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா ஒரு ஹீட்டர் ஓடினா போதும்."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அய்யோ, இந்த வயசுல யாரு வெர்லின் அதெல்லாம்."

சரியான பதில். நவம்பரில் முதல் பனி விழுந்து அவள் கார் மாட்டிக்கொண்டபோது, மண்வெட்டியால் பனியை அள்ளிக்கொண்டே இரண்டாம் தடவை கேட்டேன். "அன்னிக்கு ஹீட்டர் விஷயம் ஒண்ணு சொன்னேனே." அவள் கண்ணாடியை இறக்கி, "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றாள். அதுவும் சரியான பதில். கிறிஸ்துமஸில் எனக்குத் தைரியம் முற்றி உனக்கு மோதிரத்துக்கு எழுதினேன். ஜனவரியில் வாஷிங்டனிலிருந்து புதுப் படிவம் வந்தது. "ஒப்பந்தம் பெற்றவருடன் உங்களுக்கு உறவு உண்டா, அல்லது ஏற்பட வாய்ப்பு உண்டா?" என்று அதில் ஒரு கேள்வி. ஊரில் அவளுக்குச் சொந்தமில்லாத ஒரே ஆள் என்பதால்தான் எனக்கு இந்த வேலை. மூன்றாவது தடவை கேட்டு அவள் சரி என்றுவிட்டால் நான் கையெழுத்துப் போட முடியாது. போட வேறு ஆள் கிடையாது. கையெழுத்து இல்லையென்றால் மானியம் இல்லை, இருபத்துமூன்று பேருக்குச் சாப்பாடு இல்லை. மூன்று நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்டு என்றால் பொய், இல்லை என்றாலும் பொய். கடைசியில் எடைமேடைக்காரன் எழுதுவதுபோல, இருப்பதை அப்படியே எழுதினேன்: மூன்றில் இரண்டு பங்கு.

இந்தச் செவ்வாய்க்கிழமை டென்வரிலிருந்து தணிக்கைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். பெயர் கின்டானா. நல்ல பெண், கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார், அதிலேயே எங்களுக்கு மரியாதை வந்துவிட்டது. ஆர்டிஸ் காபி நீட்டினாள். "நாங்க எதுவும் வாங்கிக்கக் கூடாதுங்க, ரூல்ஸ்" என்றார். முதல் மறுப்பிலேயே விதியைக் காட்டும் அளவுக்கு நாகரிகமானவர் என்று நாங்கள் பூரித்துப்போனோம். இரண்டாம் தடவையும் மறுத்தார். மூன்றாம் தடவையும் மறுத்தபோது கீழ்த்தளமே அமைதியாகிவிட்டது. கிளாரன்ஸ் என் காதருகே வந்து, "நெஜமாவே வேண்டாமாடா அவங்களுக்கு?" என்று கேட்டார்.

கின்டானா கோப்பைத் திறந்தார். மூன்று தாளையும் வரிசையாக வைத்தார்.

"சார், மூணு கொட்டேஷனும் ஒரே ஆள்கிட்ட வாங்கியிருக்கீங்க."

"ஆமாங்க. ஒரே ஆள்கிட்டதானே மூணு தடவை கேக்கணும்?"

"மூணு பேர்கிட்ட ஒரு ஒரு தடவை கேக்கணும் சார்."

"ஒரு தடவை கேட்டா இங்க யாரும் எதுவும் சொல்லமாட்டாங்களேம்மா!"

நெற்றியைத் தடவிக்கொண்டு அடுத்ததை எடுத்தார். அது ஆர்டிஸின் வேலைநேரத் தாள். எந்த நேரத்தில் என்ன வேலை செய்தாள் என்று அவளே எழுதி வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு என்னிடம் கையெழுத்து வாங்குவாள். கின்டானா உரக்கப் படித்தார். "ஒன்பது மணி, உருளைக்கிழங்கு. பத்து மணி, இறைச்சி வதக்குதல். பதினொண்ணே கால், கிளாரன்ஸ் ஏன் இன்னும் வரலேன்னு கவலை." நிமிர்ந்து ஆர்டிஸைப் பார்த்தார். "கவலைய வேலை நேரத்துல சேக்க முடியாதும்மா."

"அப்போ அதை எந்த நேரத்துல படறது?" என்றாள் ஆர்டிஸ். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. நான் இருநூற்றுப் பதினான்கு பக்கமும் படித்தவன்.

"இன்னொண்ணு. நவம்பர்லேருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒண்ணே முக்காலுக்கு 'காத்திருத்தல்'னு இருக்கு. எதுக்குக் காத்திருக்கீங்க?"

ஆர்டிஸ் மேசையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த மேசை. "அடுப்பு சூடாகறதுக்கு."

"சமையல் பன்னெண்டுக்கே முடிஞ்சிடுதே?"

ஆர்டிஸ் மேசையின் இன்னொரு மூலையைத் துடைக்கப் போய்விட்டாள். எனக்கும் அது விளங்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு எதற்கு அடுப்பைச் சூடாக்குகிறாள் என்று குறித்துவைத்திருக்கிறேன், கேட்க வேண்டும்.

அதற்குள் கின்டானா படிவத்துக்கு வந்துவிட்டார். நான் கையால் மறைக்கப் பார்த்தேன். "உறவு: மூன்றில் இரண்டு பங்கு" என்று கணீரென்று படித்தார். "இது என்ன சார்?"

பொய் சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். இரண்டு தடவை கேட்டாயிற்று, மூன்றாவது தடவை கேட்கவில்லை என்று சொன்னேன். ஏன் கேட்கவில்லை என்றார். "கேட்டு அவங்க சரின்னுட்டா நான் கையெழுத்துப் போட முடியாதேம்மா" என்றேன். படிக்கட்டில் ஜெபத்துக்குக் கூடியிருந்த இருபத்துமூன்று பேரும் ஜெபத்தை மறந்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஆர்டிஸுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"சரின்னு சொல்லுவேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். உள்ளே ஒரு மூடி விழுந்து வெகுநேரம் சுழன்றது.

அவ்வளவுதான் அக்கா. கின்டானா பாவம், கடுமை காட்டவில்லை. ஆனால் முப்பது நாளுக்குள் இரண்டில் ஒன்றைச் செய் என்று எழுதிவைத்துப் போயிருக்கிறார். ஒன்று, ஆர்டிஸுக்கு உறவில்லாத வேறொருவரைக் கையெழுத்துக்கு வைத்துவிட்டு நான் விலக வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது தடவை கேட்கப்போவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நேற்று பூராவும் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் வம்சாவளியை எழுதிப் பார்த்தேன், பதினோரு பக்கம் வந்தது. எல்லாக் கோடும் ஆர்டிஸிடம்தான் போய் முடிகிறது. ஆர்லோவின் நாய்கூட அவள் வீட்டு நாயின் குட்டி.

ஆகவே நேற்று சாயங்காலமே எழுதிவிட்டேன்: "கேட்ட இரண்டையும் இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." ஒரே வரி. என்னை அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது, அவள் கேட்ட கேள்வியை நீயே பார்த்தாய். கிளாரன்ஸுக்குப் பசிக்கும் என்பது நன்றாகத் தெரியும். எந்தப் பக்கம் கனம் என்று சொல்ல எடைமேடைகூட வேண்டாம். அந்தத் தாளையும் இந்தக் கடிதத்தையும் இன்றைக்கே போஸ்ட் ஆபீஸில் அந்தப் புதுப் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன். பெர்னடெட்டைத்தான் சொல்கிறேன், அவள் வந்து நாற்பத்தோரு வருஷம்தான் ஆகிறது.

நீ வருத்தப்படாதே. இரண்டு வீட்டில் இரண்டு ஹீட்டர் ஓடினாலும் மனிதன் இருக்கலாம். அத்தானை வெயிலில் அலையவிடாதே. உன் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம், கர்த்தர் உங்கள் கூரையையும் கார் டயர்களையும் காக்கட்டும். மோதிரம் உன்னிடமே பத்திரமாக இருக்கட்டும்.

என்றும் உன் பிரியமுள்ள தம்பி,
வெர்லின்

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை மாலை: மோதிரத்தை அனுப்பு. மேலே எழுதியதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை, நல்ல தாள், அதனால் அப்படியே விட்டு இதைச் சேர்க்கிறேன்.

நேற்று இரண்டு உறையையும் போஸ்ட் ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். பெர்னடெட் வாஷிங்டன் உறையைத் தராசில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இதுல என்ன இருக்கு வெர்லின்? யாரோ செத்த மாதிரி நிக்கற?" எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் ஆர்லோ ஸ்டாம்பு வாங்க நின்றுகொண்டிருந்தான், அவனுக்கும் கேட்டிருக்கும். பெர்னடெட் தராசிலிருந்து உறையை எடுத்து, முத்திரை குத்தாமல் இரண்டையும் என்னிடமே தள்ளினாள்.

"இந்த ஊர்ல நான் யாருக்கும் எதுவும் ஆகலயே, வெர்லின். நாப்பத்தோரு வருஷமா ஆகல."

"நீங்க... எங்க சர்ச் இல்லீங்களே, கத்தோலிக்க சபைங்களே" என்றேன். சொன்னதுமே வெட்கமாக இருந்தது.

"அதுக்கு உன் புத்தகத்துல தடை இருக்கா?"

இல்லை. மத பேதம் பார்க்கவே கூடாது என்று அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த அறிவிப்பை நானே கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். "சரி" என்றாள். முதல் தடவையிலேயே, அக்கா! எனக்குத் தலை சுற்றியது. மரியாதைக்கு இன்னும் இரண்டு தடவை கேட்டேன். "சரின்னுதானே சொல்றேன், வரிசைல ஆள் நிக்கறாங்க பாரு!" என்று கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத்தனை வருஷத்துல அந்தக் கீழ்த்தளத்துக்கு வான்னு என்னை ஒருத்தர் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. கேட்டிருந்தா அப்பவும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். ஆர்லோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நாற்பத்தோரு வருஷமாக அவள் மதியத்துக்குக் கவுண்டருக்குப் பின்னால் தனியாக ரொட்டித் துண்டு சாப்பிட்டிருக்கிறாள்.

இன்றைக்கு ஒன்றே முக்காலுக்கு பெர்னடெட்டை அழைத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். ஆர்டிஸ் வேலைநேரத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உனக்கு மேலே படிக்கும்போதே புரிந்திருக்கும், என்னை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

"ஆர்டிஸ், அந்த ஹீட்டர் விஷயம்" என்றேன்.

"இது எத்தனாவது தடவை?"

"மூணாவது."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பெர்னடெட்டைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் பிசகவில்லை.

"சரி... வேற ஆள் கிடைக்கலேன்னா."

நம் ஊரில் இதைவிடப் பெரிய வார்த்தை ஏது, அக்கா? முழங்கால் அனுமதித்திருந்தால் மண்டியிட்டிருப்பேன். அதற்குப் பதிலாகத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நீங்க இனிமே போடக் கூடாது" என்று ஆர்டிஸ் தாளைப் பிடுங்கி, அதில் ஒரு சொல்லைச் சேர்த்து பெர்னடெட்டிடம் நீட்டினாள். பெர்னடெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களுக்குப் படித்துக் காட்டினாள்.

"வெள்ளி, ஒன்றே முக்கால், காத்திருத்தல்: முடிந்தது."

கையெழுத்தும் போட்டாள்.